ஒரு நாளில் பல்லவர்கள்

சென்ற இதழில் நண்பர் எழுதியிருக்கும் பயணக் கட்டுரைக்கு நான் பதில் எழுதுவது சிலருக்கு விசித்திரமாகப் படலாம். அந்தக் காரில் நானும் இருந்தேன். வாடகையில் பாதி என்னுடையது. கைடுக்குக் கொடுத்ததில் பாதியும் என்னுடையது. காலை ஆறரைக்குச் சென்னையை விட்டுக் கிளம்பி, காஞ்சிபுரத்தையும் மாமல்லபுரத்தையும் ஒரே பகலில் பார்த்து முடித்து, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பியவர்கள் நாங்கள் இருவர். அவருக்கு அது ஒரு தரிசனமாக அமைந்திருக்கிறது. கட்டுரையில் அந்த வார்த்தை நான்கு இடங்களில் வருகிறது. அதே கல்லை, அதே வெயிலில், அதே மனிதரின் பேச்சைக் கேட்டுக்கொண்டே பார்த்த எனக்கு அப்படி ஒன்றும் நேரவில்லை. நேரவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால், எங்கள் இருவர் பேரிலும் அந்தக் கட்டுரை நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன்.

நண்பரின் வாதத்தை முதலில் சரியாகச் சொல்லிவிட வேண்டும். சாய்த்துச் சொல்லிவிட்டுச் சாடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அவர் சொல்வது இது: அறியாதவனுக்குக் கல் ஊமை. சொல்பவன் ஒருவன் இருந்தால்தான் அது வாய் திறக்கும். அப்படிச் சொல்லும் வாய்மொழி மரபின் கடைசிக் கண்ணிதான் இன்றைய கைடு. அவனை ஒதுக்கிவிட்டுத் தனியே நின்று "அனுபவிக்கிறேன்" என்று சொல்லும் நவீன எழுத்தாளனின் தோரணை மேற்கிலிருந்து இரவல் வாங்கிய அகங்காரம்.

கடைசி வாக்கியம் என்மேல் எறியப்பட்டது என்று தெரிகிறது. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

காஞ்சி கைலாசநாதர் கோயிலில் நாங்கள் இருந்தது முப்பத்தைந்து நிமிஷம். அங்கிருந்து போன பட்டுக் கடையில் ஒரு மணி பத்து நிமிஷம். நண்பரின் கட்டுரையில் பட்டுக் கடை இல்லை. இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அன்றைய பிரயாணத்தின் நிஜமான அச்சு அதுதான். கோயில்கள் அதைச் சுற்றித்தான் அடுக்கப்பட்டிருந்தன. கடைக்காரர் கைடுக்கு என்ன கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை. கொடுக்காமல் இருந்திருந்தால் எங்களுக்கு இரண்டாவது தடவை காப்பி வந்திருக்காது.

அந்த முப்பத்தைந்து நிமிஷத்தில் என்ன பார்த்தோம்? ராஜசிம்மன் சுமார் 700ஐ ஒட்டிக் கட்டியது என்று கேட்டோம். மணற்கல் என்று கேட்டோம். சுற்றுமதிலை ஒட்டி வரிசையாக நிற்கும் 58 சிறு சந்நிதிகளை எண்ணிக்கையாகக் கேட்டோம். கருவறையைச் சுற்றியுள்ள குறுகலான வழிக்குள் தவழ்ந்து நுழைந்து வெளியே வந்தால் மறுபிறவி இல்லை என்று கேட்டோம். நண்பர் தவழ்ந்தார். நான் வெளியே நின்று அவருடைய செருப்பையும் காமிராவையும் பார்த்துக்கொண்டேன். சிறு சந்நிதிகளின் சுவரில், சுதைக்கடியில் மிஞ்சியிருக்கும் வண்ணங்களைக் கைடு டார்ச் அடித்துக் காட்டினார். அதற்கு இரண்டு நிமிஷம். பல நூற்றாண்டு வெள்ளைப் பூச்சுக்குள் கிடந்த அந்த ஓவியங்களை 1931இல் கண்டெடுத்துச் சொன்னவர் பாண்டிச்சேரியில் இருந்த ழூவோ துப்ராய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர். அவருக்கும் ஒரு கைடு இருந்து, தவழச் சொல்லிவிட்டுக் கிளப்பிக்கொண்டு போயிருந்தால், அவை இன்னும் சுண்ணாம்புக்கு அடியிலேயே இருந்திருக்கும்.

காட்டாமல் விட்டது ஒன்று உண்டு. மண்டபத்துத் தூண் ஒன்றில் கன்னடத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பல்லவனைத் தோற்கடித்துக் காஞ்சிக்குள் நுழைந்த சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் வெட்டுவித்தது, சுமார் 740. எதிரியின் கோயிலுக்குள் வந்து, அதன் செல்வத்தைப் பார்த்து, அதை எடுத்துக்கொள்ளாமல் தெய்வத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று அது சொல்கிறது. தலைமுறைகளாகத் தொடர்ந்த பகை அது. வாதாபியை எரித்தவர்களின் தலைநகரில் நிற்கிறான். இடிக்கவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு, அவன் காஞ்சியை மும்முறை வென்றதன் நினைவாகச் சாளுக்கியர்களின் பட்டதகல்லில் ராணி லோகமகாதேவி ஒரு கோயில் எழுப்புகிறாள். இன்று விரூபாக்ஷர் கோயில் என்கிறோம். கட்டிய சூத்திரதாரியின் பெயர் குண்டன் அனிவாரிதாசாரி என்று அங்கேயே எழுதியிருக்கிறது. கைலாசநாதரைப் பார்த்த கண்ணால் அதைப் பார்க்கிறவர்களுக்கு உறவு சொல்லாமலே தெரியும். அடுத்த தலைமுறையில், சாளுக்கியர்களை வீழ்த்திய ராஷ்டிரகூடர்கள் விரூபாக்ஷரைப் பார்த்துவிட்டு எல்லோராவில் ஒரு மலையையே மேலிருந்து கீழாகக் குடைகிறார்கள். அதற்கும் கைலாசம் என்றே பெயர். இங்கிருந்து சிற்பிகளைக் கூட்டிக்கொண்டு போனார்களா என்பது இன்றும் வாதத்துக்குரிய விஷயம். எனக்கு அது முக்கியமில்லை. பகைவன் ஒருவன் பார்த்தான், அந்தப் பார்வை அவனை வேலை வாங்கியது. பார்ப்பது என்று நான் சொல்வது இந்த மாதிரியான ஒன்றை. பார்த்தவன் பழையபடியே வீடு திரும்ப முடியாமல் போவதை.

நாங்கள் பழையபடியேதான் திரும்பினோம், கையில் இரண்டு புடவையோடு.

காஞ்சியிலிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் அந்தச் சாலையில் கார் ஓடிக்கொண்டிருந்தபோது நண்பர் தூங்கிவிட்டார். எனக்குத் தண்டியின் ஞாபகம் வந்தது. காவியாதர்சம் எழுதிய தண்டி. நாம் தண்டியலங்காரம் என்று படித்தோமே, அதன் மூலத்தின் ஆசிரியர். அவர் இதே பாதையில் இதே ஊருக்குப் போயிருக்கிறார். அவந்திசுந்தரி கதையின் முகப்பில் அதைச் சொல்கிறார். நூல் முழுதாகக் கிடைக்கவில்லை. கிடைத்த பகுதி முதலில் 1924இல் அச்சானது. சம்பவம் இதுதான். காஞ்சியில் இருந்த தண்டியிடம் லலிதாலயன் என்ற சிற்பி வருகிறான். மாமல்லபுரத்தில் கடலோரம் பள்ளிகொண்ட பெருமாளின் கை ஒன்று உடைந்துபோயிருந்தது, அதை நான் ஒட்டவைத்திருக்கிறேன், நீங்கள் வந்து பார்த்து வேலை எப்படி என்று சொல்ல வேண்டும் என்கிறான். தண்டி நண்பர்களோடு போகிறார். அலை வந்து பாதத்தைத் தொடுகிற இடத்தில் விக்கிரகம் கிடக்கிறது. உற்றுப் பார்க்கிறார். எங்கே உடைந்தது, எங்கே ஒட்டியது என்று அவருக்குத் தெரியவில்லை. அப்போது அலையில் ஒரு செந்தாமரை மிதந்து வந்து பெருமாளின் பாதத்தில் பட்டு, வித்யாதரனாக மாறி வானத்தில் போகிறது. அந்த அதிசயத்தின் பின்னால் போய்த்தான் அவருக்குக் கதை கிடைக்கிறது.

நண்பர் என்னை அகங்காரி என்கிறாரே, அதற்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். தனியாக நிற்பவன்தான் பார்ப்பான் என்று நான் சொல்லவில்லை. தண்டி தனியாகப் போகவில்லை. கூட்டமாகப் போனார், கூட்டிக்கொண்டு போக ஆளும் இருந்தான். சொல்லப்போனால் எங்களுடையதைவிட உசத்தியான கைடு, வேலையைச் செய்தவனே. ஆனால் அவன் விளக்கவில்லை. கேட்டான். இணைப்பு தெரிகிறதா என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு முன்னால் பார்ப்பவன் சும்மா இருக்க முடியாது, கண்ணைச் செலவழித்தாக வேண்டும். தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் வரைக்கும் உற்றுப் பார்த்தாக வேண்டும். அவ்வளவு உற்றுப் பார்த்தவனுக்குத்தான் தாமரை வித்யாதரனாகத் தெரிந்தது என்பது என் ஊகம். அதை நிரூபிக்கச் சொன்னால் முடியாது.

எங்கள் கைடு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "சார், இதை நோட் பண்ணுங்க" என்றார். நண்பர் நோட் பண்ணினார்.

இனி அந்த "வாய்மொழி மரபு." ஐந்து ரதங்களின் முன்னால் கைடு சொன்ன கதையில் ஆயனர் என்ற மகாசிற்பி வந்தார். அவருக்கு ஒரு மகள், நாட்டியக்காரி, சிவகாமி. நரசிம்மவர்மன் அவளைக் காதலித்தான். புலிகேசி அவளைத் தூக்கிக்கொண்டு போனான். கடைசிவரை நண்பர் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கட்டுரையில் அது "தலைமுறைகளாக இந்த மண்ணில் வழங்கிவரும் ஞாபகம்" என்று ஏறியிருக்கிறது. ஐயா, அது கல்கி 1940களில் தன் பத்திரிகையில் வாராவாரம் எழுதிய தொடர்கதை. ஆயனர் அவருடைய கற்பனை, சிவகாமியும்தான். என் தகப்பனாரைவிட வயதில் சின்ன மரபு. கல்கியைப் பற்றி நாம் இந்த வட்டத்தில் என்னென்ன எழுதியிருக்கிறோம் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஜனரஞ்சகம், போலிச் சரித்திரம், மத்தியதர வர்க்கத்தின் பகற்கனவு. அத்தனையும் எழுதிவிட்டு, அவருடைய கதாபாத்திரங்களையே கல்லில் பார்த்துவிட்டு, மரபு என்று கையொப்பமிடுகிறோம். கல்கி எங்கிருந்தாலும் சிரிப்பார்.

நிஜமான பெயர்கள் இல்லாமலா போயிற்று? கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து மாமல்லபுரத்துக்குத் திரும்பும் இடத்தில் பூஞ்சேரி இருக்கிறது. அங்கே ஒரு பாறையில், பல்லவர் காலத்து எழுத்தில், சில பெயர்களை வெட்டிவைத்திருக்கிறார்கள். கேவாத பெருந்தச்சன். குணமல்லன். பையமிழிப்பான். சாதமுக்கியன். இன்னும் சில. இங்கே வேலை செய்த சிற்பிகளின் பெயர்கள் என்றே கொள்கிறார்கள். அரசன் வெட்டச் சொன்னதல்ல, பட்டப்பெயர் இல்லை, ஸ்துதி இல்லை. பெயர் மட்டும். கைலாசநாதரில் ராஜசிம்மனுக்கு இருநூறுக்கு மேற்பட்ட விருதுப் பெயர்கள் சுவரைச் சுற்றி ஓடுகின்றன. கல்லைத் தொட்டவனுக்கு ஊருக்கு வெளியே ஒரு பாறை. எங்கள் கார் அந்தத் திருப்பத்தை மத்தியானம் ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் கடந்தது. நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை. ஞாபகம் வந்தபோது கார் கோவளத்தைத் தாண்டிவிட்டது.

ரதங்களுக்குப் பாண்டவர்களின் பெயர் எப்படி வந்தது என்று நான் கேட்டேன். "அஞ்சு இருக்கே சார்" என்றார் கைடு. நேர்மையான பதில். பாண்டவர்களுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் கிடையாது, திரௌபதி ரதம் என்பது கொற்றவையின் கோயில். குடிசைக் கூரையைக் கல்லில் செய்திருக்கிறார்கள். அதைக் கட்டுரையில் நண்பரும் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார், எனவே விட்டுவிடுகிறேன்.

விட முடியாதது பெரிய பாறைச் சிற்பம். ஏறக்குறைய 30 மீட்டர் அகலம். நடுவில் ஒரு பிளவு, அதில் நாகங்கள் மேலே வருகின்றன. ஒரு காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் செய்கிறவன், விலா எலும்பு தெரிகிறது. எதிரே சிவன், வரம் தரும் கை. யானைகள். யானைக் காலடியில் தவம் செய்யும் பூனை, அதை நம்பி வந்த எலிகள். கைடு சொன்னார்: அர்ச்சுனன் தபசு. சிலர் பகீரதன் தவம் என்பார்கள், அது தப்பு. நண்பர் எழுதுகிறார்: "அர்ச்சுனனின் தபசு என்பது ஐயத்துக்கிடமின்றித் தெளிவாகிறது."

எப்படித் தெளிவாயிற்று? 1914இல் கொலுபேவ் இதைக் கங்கை இறங்கும் காட்சி என்று வாசித்தார். அந்தப் பிளவுக்கு வேறு என்ன அர்த்தம் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். பாசுபதாஸ்திரத்துக்காக நின்ற அர்ச்சுனன் என்று பின்னால் டி.என். ராமச்சந்திரன் விரிவாக வாதாடினார், பாரவியின் கிராதார்ஜுனீயத்தைக் கையில் வைத்துக்கொண்டு. அதையும் தள்ள முடியாது. 1994இல் பத்மா கைமல், இரண்டுக்கும் இடம் கொடுத்தே இதைச் செய்திருக்கிறார்கள், குழப்பம் வேண்டுமென்றே வைத்தது என்று எழுதினார். பாறையில் ஒரு எழுத்துக்கூட இல்லை. சிலேடை கவிதைக்கு அணி என்று இலக்கணம் எழுதிய தண்டி நடமாடிய ராஜ்யத்தில், ஒரு பாறை இரண்டு கதையை ஒரே உடம்பில் சொன்னால் அதில் என்ன அதிசயம்? சிலேடையில் ஒரு அர்த்தத்தை வைத்துக்கொண்டு மற்றதைத் தப்பு என்று அடிக்கிறவனைப் பள்ளிக்கூட வாத்தியார்கூட மன்னிக்க மாட்டார். நாம், புதுக்கவிதையில் அர்த்தம் ஒன்றல்ல என்று இருபது வருஷம் சண்டை போட்டவர்கள், கல் என்றவுடன் ஒற்றை அர்த்தத்துக்குச் சீட்டு வாங்குகிறோம்.

ஆனால் அர்ச்சுனன் என்று சொல்பவர்கள் எல்லோரும் ஒன்றல்ல. நாங்கள் நின்றிருந்தபோது ஒரு வேனில் வந்த கிராமத்துப் பெண்கள் கூட்டம் பக்கத்தில் வந்து நின்றது. கைடு கிடையாது. ஒரு கிழவி, இடுப்பில் பேத்தி, பாறையை ஒரு நிமிஷம் பார்த்தாள். ஒற்றைக் காலில் நிற்பவனைக் கையால் காட்டினாள்.

"தபசு ஏறியிருக்கான் பாரு. நம்ம ஊருல ஏறுனானே, அதே அர்ச்சுனன்."

"மரம் எங்க ஆயா?"

"கல்லுல எங்கடி மரம் நடறது?"

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதியம்மன் திருவிழாக்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பாரதக் கூத்தில் அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரன் உயரமான தபசு மரத்தில் ஏறுகிறான். படிப்படியாக, பாடிக்கொண்டே. மேலேயிருந்து விபூதியும் பழமும் எறிகிறான். பிள்ளையில்லாத பெண்கள் ஈரத்துணியோடு அடியில் மடியேந்திக் காத்திருக்கிறார்கள். அந்தக் கிழவிக்குக் கல் ஊமையாக இல்லை. அவள் கொண்டுவந்த அர்ச்சுனன் கைடு சொன்ன அர்ச்சுனன் இல்லை, ராமச்சந்திரன் சொன்னவனும் இல்லை. ராத்திரி முழுக்கக் கண் விழித்துக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்த அர்ச்சுனன். நண்பர் தேடுகிற வாய்மொழி மரபு ஆறடி தூரத்தில் நின்று பேசியது. அவர் அப்போது பூனையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் நகரும்மா" என்று அந்தக் கிழவியிடம் சொன்னதும் அவர்தான்.

கைடை நான் திட்டவில்லை. இதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் விமர்சனத்தில் யாராவது ஒரு ஏழையின் தலையில் குற்றத்தைக் கட்டிவிட்டு நகர்வது சுலபம். சாப்பாட்டுக்குப் பிறகு நண்பர் நிழலில் உட்கார்ந்துவிட்டார். நான் அந்த மனிதரிடம், உங்களுக்கு இங்கே எது பிடிக்கும் என்று கேட்டேன். முதலில் புரியாத மாதிரி பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலை, இப்படி யாரும் கேட்டதில்லை என்றார். பிறகு பெரிய பாறைக்குப் பக்கத்தில் உள்ள பஞ்ச பாண்டவ மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே வேலை முடியாமல் விட்டிருக்கிறது. முடியாத குகைகளின் பின்சுவர்களில் எப்படிக் கட்டம் கட்டமாகக் கோடு இழுத்து, பள்ளம் வெட்டி, நடுவில் நிற்கும் சதுரங்களை அடித்துத் தள்ளிக்கொண்டே உள்ளே போனார்கள் என்று கையால் தடவிக் காட்டினார். உளி விழுந்த வரிகளின் மேல் விரலை வைத்தார்.

"இங்க நின்னா அவன் இப்பத்தான் சாப்பிடப் போன மாதிரி இருக்கும் சார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா, இதே தபசு இன்னொரு பாறையில பாதியில நிக்குது. யாரும் வர்றதில்ல."

இதையெல்லாம் ஏன் மற்றவர்களுக்குக் காட்டுவதில்லை என்றேன்.

"காட்டினேன் சார், ஆரம்பத்துல. முடியாத வேலையைக் காட்டி நேரத்தை வீணாக்கறான்னு சொல்லிட்டாங்க. காசு குடுக்கறவங்க முடிஞ்சதைத்தான் கேக்கறாங்க."

இந்த வாக்கியத்துக்காக நான் அன்றைய முழுச் செலவையும் தனியாகவே கொடுத்திருப்பேன். மாமல்லபுரத்தின் ஆதார உண்மை அது முடியாமல் நிற்பது. பீம ரதத்தின் அடிப்பகுதி பாறையாகவே இருக்கிறது. பாதிக் குகைகள் பாதியில் நிற்கின்றன. யார் எதைச் செய்தார்கள் என்பதும் முடியவில்லை. மாமல்லன் பாதி, அவன் பின்வந்தவர்கள் பாதி என்று இருந்த கணக்கை 1962இல் இரா. நாகசாமி கலைத்துப் போட்டார், அத்தனையும் ராஜசிம்மன் ஒருவன் செய்வித்ததே என்றார். இன்றும் ஒப்புக்கொள்பவர்களும் மறுப்பவர்களும் இருக்கிறார்கள். கல்லும் நிற்கவில்லை, வழக்கும் நிற்கவில்லை. இப்படிப்பட்ட இடத்தை மூன்றரை மணி நேரத்தில் முடித்துத் தரும்படி நாம் ஒருவரை வேலைக்கு அமர்த்துகிறோம். அவர் தனக்குப் பிடித்ததையும் தெரிந்ததையும் மறைத்துவிட்டு, நமக்கு வேண்டிய முடிந்த சரக்கைக் கொடுக்கிறார். அவர் மேல் என்ன குற்றம்? நாம்தான் அவரை அப்படிச் செய்து வைத்திருக்கிறோம்.

2019 அக்டோபர் 11ஆம் தேதி இந்தியப் பிரதமர் சீன அதிபரை இங்கே கூட்டிக்கொண்டு வந்து, தபசுப் பாறை, வெண்ணெய் உருண்டை, ரதங்கள், கடற்கரைக் கோயில் எல்லாவற்றையும் ஒரே மாலையில் காட்டினார். உருண்டைக்கு முன்னால் கைகோத்து உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். அன்று முதல் அந்தப் பாறைக்கு முன்னால் கூட்டம் தாங்கவில்லை. மனிதன் உளி வைக்காத ஒரு பாறை, மனிதன் குடைந்த அத்தனை பாறைகளையும் ஜெயித்துவிட்டது. ஒவ்வொருவரும் அதைத் தள்ளுவதுபோல நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நண்பரும் எடுத்துக்கொண்டார். எடுத்தது நான்.

இதையெல்லாம் சுற்றுலாவைப் பற்றிய புகாராக மட்டும் எடுத்துக்கொள்பவர்களுக்கு நான் எழுதவில்லை. சுற்றுலாக்காரன் எழுத உட்கார மாட்டான், அவனால் கெடுதல் கம்மி. நாம் உட்காருகிறோம். இந்தப் பத்திரிகையின் கடந்த பத்து இதழ்களைப் புரட்டிப் பாருங்கள். இதழுக்கு ஓர் அந்நியக் கவிஞர். பிறந்த ஊர், சிறைவாசம் இருந்தால் சிறைவாசம், தற்கொலை இருந்தால் தற்கொலை, ஆங்கிலம் வழியாக மூன்று கவிதைகள், கடைசியில் "நவீன மனிதனின் அந்நியமாதலைப் பாடியவர்." காரை நிறுத்தாமலே கண்ணாடி வழியாகக் காட்டுகிறோம். அந்தக் கவிஞரில் முடியாமல் நிற்பது என்ன, எங்கே உளி நழுவியது, மொழிபெயர்ப்பின் இணைப்பு தெரிகிறதா, தெரியவில்லையா என்று ஒருவரும் கேட்பதில்லை. நண்பர் இவற்றில் நான்கு எழுதியிருக்கிறார். நான் மூன்று.

என்னை வெளியே நிறுத்திக்கொண்டு பேசுவதாக யாரும் நினைக்கக் கூடாது என்பதற்காக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன் கடற்கரைக் கோயிலைப் பற்றி நான் ஒரு கவிதை எழுதினேன். பள்ளிகொண்டவனின் அரித்துப்போன முகத்தின் மேல், கோயிலுக்குப் பின்னால் கடலில் சூரியன் இறங்குவதாக அது முடிகிறது. நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒரு தொகுப்பிலும் சேர்ந்தது. நண்பரே அதைப் பற்றி ஒரு பாராட்டு எழுதியிருக்கிறார், அஸ்தமனம் என்ற படிமம் பல்லவ வீழ்ச்சியைக் குறிப்பதாக. வங்காள விரிகுடா கிழக்கே இருக்கிறது. மாமல்லபுரத்தில் கடலில் சூரியன் எழும், இறங்காது. அந்தக் கவிதையை எழுதியபோது நான் அந்த ஊருக்கு மூன்று முறை போயிருந்தேன். மூன்று முறையும் கூட்டிக்கொண்டு போனவர்களோடு, மத்தியானம். கவிதையைப் படித்தவர்களில் ஒருவர்கூட, இத்தனை வருஷத்தில், சூரியன் எங்கே இறங்குகிறது என்று கேட்கவில்லை. நாங்கள் எல்லோரும் படிமத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று சாயங்காலம் கடற்கரைக் கோயிலில் நின்றபோதுதான் அது உறைத்தது. வெயில் எங்கள் முதுகுக்குப் பின்னால், ஊர்ப்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு சிவன் சந்நிதிகளுக்கு நடுவில், படுகைப் பாறையிலேயே செதுக்கிய பெருமாள் இருட்டில் கிடந்தார். தண்டி பார்த்தது இவரைத்தான் என்று பலர் கருதுகிறார்கள். கையைப் பார்க்கலாம் என்று குனிந்தேன். "டைம் ஆச்சு சார், டிராபிக் ஆயிடும்" என்றார் கைடு. நண்பர் ஏற்கெனவே காரில் இருந்தார்.

அடுத்த வாரம் ஒரு நாள் பஸ்ஸில் போவதாக இருக்கிறேன். பூஞ்சேரித் திருப்பத்தில் இறங்கிக்கொள்வேன். அந்தப் பாறைக்கு வழி கேட்டுக்கொண்டு போக வேண்டும். அதற்குமேல் அன்றைக்கு வேறெதையும் பார்க்கும் உத்தேசம் இல்லை. நண்பர் வருவதானால் வரட்டும், பஸ் டிக்கெட்டை அவரவர் வாங்கிக்கொள்ளலாம்.